முழங்கால் மடிப்புக்குள் ஒரு வீக்கம்: ஆபரேஷனுக்குப் பிறகு வருவது

தொடை வழியாக இறங்கி வருகிற பெரிய ரத்தக்குழாய் முழங்கால் கிட்ட வந்ததும் பின்பக்கமாகத் திரும்பிவிடும். எலும்புக்கும் தசைக்கும் நடுவில் பதுங்கிப் போய், மூட்டைத் தாண்டினதும் கிளை பிரிந்து பாதத்துக்கு இறங்கும். பாப்லிட்டியல் தமனி என்று பெயர். நல்ல நிலையில் ஏறக்குறைய ஒரு பென்சில் தடிமன்தான் இருக்கும். சிலருக்கு, பெரும்பாலும் அறுபது தாண்டிய ஆண்களுக்கு, அதிலும் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு, அந்தக் குழாயின் சுவர் பலமிழந்து பலூன் மாதிரி புடைத்துக்கொள்ளும். அதைத்தான் அனூரிசம் என்கிறார்கள். கை கால் தமனிகளில் வரும் இந்த மாதிரி வீக்கங்களில் அதிகம் வருவது இந்த முழங்கால் மடிப்பில்தான்.

இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. படித்ததைக் குறித்துவைக்கிற ஆள். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த நோய்க்கு ஆபரேஷன் எப்படிச் செய்வது என்பது பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு ஐந்து வருஷம், எட்டு வருஷம் கழித்து என்ன ஆகும் என்பதை மருத்துவ ஏடுகளைத் தாண்டி யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் என்று கடலோரத்தில் இருக்கிற நமக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு. நம்ம ஊர்ப் பேச்சில் எல்லாமே நரம்புதான். ஊசி குத்துவதும் நரம்பு, சுளுக்கிக்கொள்வதும் நரம்பு, வயசான கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் நரம்பு. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோவதைத் தமனி என்றும், திரும்பக் கொண்டுவருவதைச் சிரை என்றும், உணர்வு கடத்துவதை மட்டும் நரம்பு என்றும் பிரிக்கிறது. தலைமன்னாருக்கு அந்தப் பக்கம் போனால் அதே தமிழில் நாடி, நாளம், நரம்பு. தமிழில் மேல்நாட்டு அறுவை மருத்துவ நூல் முதலில் வந்ததும் அந்தக் கரையில்தான். யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், துரூயிட் எழுதிய அறுவை நூலை ‘இரண வைத்தியம்’ என்று 1867-இல் தமிழில் கொண்டுவந்தார். தமிழிலேயே பாடம் நடத்தி டாக்டர்களை உருவாக்கினவர் அவர். நூற்றைம்பது வருஷம் கழித்தும் ஆஸ்பத்திரியில் “கால்ல ஒரு நரம்பை எடுத்து வெச்சுத் தெச்சிருக்கோம்” என்றால், நம்ம ஆள் நரம்பு போய்விட்டது, அதனால்தான் கால் மரத்துக் கிடக்கு என்று முடிவு கட்டிக்கொள்கிறார். எடுத்தது சிரை. கால் மரத்துப்போனால் அதற்கு வேறு காரணம் இருக்கும், கவனித்தே ஆக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வயிற்றில் பெரிய தமனி வீங்கினால் பயம், அது வெடிக்கும் என்பது. முழங்கால் மடிப்பு வீக்கம் வெடிப்பது அபூர்வம். இங்கே ஆபத்து அடைப்பு. புடைத்த பைக்குள் ரத்தம் சுழன்று தேங்கும், சுவரோரமாக அடுக்கடுக்காக உறையும். அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து கீழே போய் விரல்களின் சிறு குழாய்களை அடைக்கும். ஒரு விரல் நீலமாகும், வலிக்கும், சில நாளில் சரியானது போலவும் இருக்கும். இப்படிக் கீழே உள்ள வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, ஒருநாள் பையே முழுசாக உறைந்துவிட்டால், கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, உயிர்போகிற வலி எடுக்கும். முழு அடைப்பில் தசையும் நரம்பும் தாக்குப்பிடிக்கும் நேரம் ஏறக்குறைய ஆறு மணி என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

ஆறு மணி நேரம் என்றால் என்ன என்று நம்ம ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவை விட்டு வெளியேற ரயில் அல்லது படகுதான். இன்று பாலம் இருக்கிறது, 108 இருக்கிறது, ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனாலும் வலி எடுத்த மனுஷன் நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தால் கரைக்கு வரவே பாதி நேரம் போய்விடும். அதனால்தான் பை 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது அதற்குள் உறைவு தெரிந்தால், வலியே இல்லாவிட்டாலும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கும் அடைத்த பிறகு ஓடிப்போய்ச் செய்கிற ஆபரேஷனுக்கும் கால் தப்பும் வாய்ப்பில் ரொம்ப வித்தியாசம்.

இனி அந்த ஆபரேஷனின் கதை. பின்னால் வரும் சிக்கல் முழுக்க இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

1785 டிசம்பர், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை. ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவரிடம் 45 வயசுக் குதிரைவண்டிக்காரர் ஒருவர் முழங்கால் பின்னால் பெரிய துடிக்கும் வீக்கத்தோடு வந்தார். அந்தக் காலத்தில் வழி இரண்டு. காலை எடுத்துவிடுவது, அல்லது பையைப் பிளந்து உறைவை அள்ளிவிட்டு மேலும் கீழும் கட்டுவது. இந்த இரண்டாவது முறை கிரேக்க மருத்துவர் அன்டிலஸ் காலத்திலிருந்து வருவது. இரண்டிலும் பலர் செத்தார்கள். ஹண்டர் பையைத் தொடவே இல்லை. நடுத்தொடையில், தமனி இன்னும் நல்ல நிலையில் இருக்கும் இடத்தில், அதைக் கட்டிவிட்டார். கால் அழுகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். முழங்காலைச் சுற்றி நிறையச் சின்னக் கிளைத் தமனிகள் வலை மாதிரி பின்னியிருக்கின்றன. பெருவழி மூடினதும் அவை விரிந்து பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோயின. ஆறு வாரத்தில் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். ஏறக்குறைய 15 மாதம் கழித்து வேறு ஏதோ காய்ச்சலில் இறந்தபோது ஹண்டர் அந்தக் காலைக் கேட்டு வாங்கி அறுத்துப் பார்த்தார். பை சுருங்கிக் கெட்டியாகிக் கிடந்தது. அந்தக் கால் இன்றும் லண்டன் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹண்டர் இப்படிச் செய்த நாலாவது நோயாளி அதற்குப் பிறகு 50 வருஷம் வாழ்ந்தார்.

அந்தக் கிளை வலையைக் கவனத்தில் வையுங்கள்.

நூறு வருஷம் தள்ளி, 1888, அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ். குண்டடி பட்டு மேல்கைத் தமனி வீங்கிய ஒருவர் ருடால்ஃப் மட்டாஸ் என்ற இளம் டாக்டரிடம் வந்தார். மட்டாஸ் வீக்கத்துக்கு மேலே கட்டினார். துடிப்பு நின்றது, சில நாளில் திரும்பி வந்தது. கீழேயும் கட்டினார். அப்போதும் துடிப்பு அடங்கவில்லை. வேறு வழியில்லாமல் பையைத் திறந்து பார்த்தார். உள்சுவரில் கிளைகளின் வாய்கள் தெரிந்தன. மேலும் கீழும் பூட்டிய பைக்குள் அவை வழியாக ரத்தம் பின்பக்கமாக வந்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாயையும் உள்ளிருந்தே தைத்து மூடினார். வீக்கம் அடங்கியது.

நம்ம ராமநாதபுரம் பெரிய கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வைகைத் தண்ணீர் வந்து சேருகிற வரத்துக்காலை மேலே அடைத்துவிட்டீர்கள். கீழே மடையையும் அடைத்துவிட்டீர்கள். கண்மாய் வற்றிவிடுமா? சுற்றியுள்ள காட்டிலிருந்தும் மேட்டிலிருந்தும் இறங்கும் சின்ன ஓடைகள் உள்ளே வந்துகொண்டே இருக்கும். நல்ல மழை வருஷமானால் கரையே தாங்காது. ஹண்டரின் வண்டிக்காரர் காலைக் காப்பாற்றிய அதே ஓடைகள்தான் மட்டாஸின் நோயாளிக்குப் பையை நிரப்பின.

மட்டாஸ் கண்டதை உலகம் மறக்கவில்லை. ஆனால் வசதிக்காகக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தது என்று சொல்லலாம். 1906-இல் மாட்ரிடில் ஹோசே கோயானெஸ், முழங்கால் வீக்கத்துக்குப் பதிலாகப் பக்கத்துச் சிரையையே வைத்து ரத்த ஓட்டத்தை இணைத்தார். 1948-இல் பாரிஸில் ஜான் குன்லின், காலின் உள்பக்கம் ஓடும் நீளச் சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டிப் பைபாஸ் செய்து காட்டினார். சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் இருப்பதால் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். 1969-இல் அமெரிக்காவின் ஸ்டெர்லிங் எட்வர்ட்ஸ் இரண்டையும் சேர்த்தார்: முழங்காலின் உள்பக்கம் வெட்டி, வீக்கத்துக்கு மேலும் கீழும் தமனியைக் கட்டி, சிரையால் பைபாஸ் போட்டு, பையை அப்படியே விட்டுவிடுவது. நோயாளி மல்லாந்து படுத்திருக்கலாம், அதே வாக்கில் சிரையையும் எடுத்துக்கொள்ளலாம், தசைகளை ரொம்பக் குடைய வேண்டாம். அழகான, சுருக்கமான ஆபரேஷன். பல இடங்களில் இதுவே வழக்கமாகிவிட்டது. விட்டுவிட்ட பை உறைந்து சுருங்கிப்போகும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. சுவீடனில் ரத்தக்குழாய் ஆபரேஷன் எல்லாவற்றையும் நாடு முழுக்க ஒரே பதிவேட்டில் எழுதிவைக்கிறார்கள். 1987 முதல் 2002 வரை இந்த வீக்கத்துக்காக ஆபரேஷன் ஆன 717 கால்களைப் பற்றி 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. உயிரோடு இருந்தவர்களைச் சராசரியாக ஏழு வருஷம் கழித்துக் கூப்பிட்டு ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உள்பக்கமாக வெட்டி, கட்டி, பையை விட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பை வளர்ந்திருந்தது. பின்பக்கமாகத் திறந்து, பைக்குள்ளேயே கிளை வாய்களைத் தைத்தவர்களில் அது 8.3 சதவீதம்தான். கட்டிவிட்டோம் முடிந்தது என்று நினைத்ததில் மூன்றில் ஒரு பங்கு முடியவே இல்லை!

வளர்ந்தால் என்ன, பைபாஸ்தான் வேலை செய்கிறதே என்று கேட்கலாம். முழங்கால் மடிப்பு ஒரு குறுகின சந்து. அதற்குள் தமனி, சிரை, நரம்பு மூன்றும் ஒட்டிக்கொண்டு போகின்றன. பை பெருத்தால் சிரை நசுங்கிக் கால் வீங்கும், அதற்குள் ரத்தம் உறையலாம். நரம்பு அழுந்தினால் பாதம் மரத்துப்போகும், குத்தும். அபூர்வமாக வெடிக்கவும் செய்திருக்கிறது.

நமக்கு இது ஏன் முக்கியம் என்று சொன்னேன் இல்லையா? பாம்பன் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், படகு இன்ஜின் வேலை பார்த்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடது காலில் இந்த ஆபரேஷன் ஆனது. கால் தப்பியது, பீடியையும் விட்டார், வேலைக்கும் போனார். மறுபடி வந்து காட்டச் சொன்னதற்கு முதல் வருஷம் இரண்டு தடவை போனார், அப்புறம் போகவில்லை. “நல்லா நடக்குறேன்ல தம்பி, ஒரு நாள் கூலியப் போட்டு பஸ் ஏறி அங்க போய் என்னன்னு சொல்ல?” என்பார். அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வருஷம் அதே கால் சாயங்காலமானால் வீங்க ஆரம்பித்தது. கடலோர ஊரில் கால் வீங்கினால் முதலில் சொல்வது யானைக்கால். அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஓரிடத்தில் மடிப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, மூட்டு நீர் சேர்ந்திருக்கு, ஊசி போட்டு உறிஞ்சிடலாம் என்றார்கள். நல்லவேளை, அவர் மகள் மஞ்சப்பையிலிருந்து பழைய காகிதத்தை எடுத்து நீட்டினாள். டாப்ளர் ஸ்கேன் எடுத்தபோது பைபாஸ் நன்றாகத் திறந்திருந்தது. விட்டுப்போன பழைய பை 5 சென்டிமீட்டருக்கு வளர்ந்திருந்தது. ஒரு கிளையிலிருந்து உள்ளே ரத்தம் பாய்வது திரையில் தெரிந்தது.

அதில் ஊசி குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. முழங்கால் பின்னால் வரும் கட்டிகளில் மூட்டு நீர்க்கட்டிதான் சகஜம். ஆனால் அது தானாகத் துடிக்காது. துடிக்கிற கட்டியை, அதுவும் அந்தக் காலில் பழைய தழும்பு இருந்தால், ஸ்கேன் பார்க்காமல் யாரும் குத்தவோ கீறவோ கூடாது. உறைவு நிரம்பிய பை கையில் துடிக்காமலும் இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

அவருக்கு இரண்டாவது ஆபரேஷன் பின்பக்கமாக ஆனது. குப்புறப் படுக்கவைத்து, மடிப்பில் வளைவாக வெட்டி, பையைத் திறந்து, உறைவை அள்ளிவிட்டு, கிளை வாய்களைத் தைத்தார்கள். 1888-இல் மட்டாஸ் செய்த அதே காரியம். சில இடங்களில் வெட்டாமல், மெல்லிய குழாயை உள்ளே செலுத்திக் கிளையைச் சின்னக் கம்பிச் சுருளால் அடைத்தும் பார்க்கிறார்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் முதலிலேயே பின்பக்கமாகச் செய்துவிட்டால் என்ன? வீக்கம் மடிப்புக்குள்ளேயே அடங்கியிருந்தால் பலரும் அதைத்தான் விரும்புகிறார்கள். தொடைப்பக்கம் மேலே ஏறிப் போயிருந்தால் பின்னாலிருந்து எட்டாது. அவசரத்தில், கீழே அடைத்த குழாய்களையும் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் உள்பக்கம்தான் வசதி. பின்பக்கத்தில் நரம்பு வழியில் கிடப்பதால் அதில் கை பட்டுவிடும் பயமும் உண்டு. உள்பக்கமாகப் போனாலும் பையைத் திறந்து கிளைகளைத் தைக்க முடியும். கொஞ்சம் கூடுதல் நேரம், கூடுதல் ரத்தம். என் தனிப்பட்ட எண்ணம், அந்தக் கூடுதல் அரைமணி நேரத்தைச் செலவழிப்பது நல்லது. திரும்பி வரமாட்டார் என்று தெரிந்த நோயாளிக்கு அது இன்னும் முக்கியம்.

பையைத் தவிர, வைத்துத் தைத்த சிரைக்கும் வயசாகும். முதல் இரண்டு வருஷத்தில் தையல் இடத்திலோ கதவு இருந்த இடத்திலோ சதை வளர்ந்து குறுகலாம். அடைக்கும் முன்னால் ஸ்கேனில் தெரிந்தால் பலூன் வைத்து விரித்துவிடலாம். அடைத்த பிறகு கஷ்டம். முதல் வருஷம் சில மாதத்துக்கொரு தடவையும் அப்புறம் வருஷத்துக்கொரு தடவையும் வரச் சொல்வது இதற்காகத்தான். பல வருஷம் கழித்துச் சிலருக்கு அந்தச் சிரையே அனூரிசமாகப் புடைக்கும். நல்ல சிரை கிடைக்காமல் செயற்கைக் குழாய் வைத்தவர்களுக்கு அடைப்பும் தொற்றும் கூடுதல் கவலை.

இன்னொன்று, பலருக்கு யாரும் விளக்கிச் சொல்லாதது. ஒரு முழங்காலில் இந்த வீக்கம் வந்தவரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மறு காலிலும் இருக்கும். மூன்றில் ஒருவருக்காவது வயிற்றுப் பெருந்தமனியிலும் இருக்கும். அன்றைக்கு இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம். வயிற்றில் வருவது வெடிக்கிற சாதி, சத்தமில்லாமல் வளரும். பிரிட்டனில் 65 வயசான ஆண்களைக் கூப்பிட்டு ஒருதடவை வயிற்று ஸ்கேன் செய்கிறார்கள். நம்மிடம் அப்படித் திட்டம் இல்லை. நம்ம பெரியவருக்கு வலது மடிப்பிலும் 2 சென்டிமீட்டரைத் தாண்டி ஒன்று இருந்தது. அது அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும்.

இப்போது ஸ்டென்ட் பற்றிக் கேட்பார்கள். இடுப்பு மடிப்பில் சின்ன ஓட்டை போட்டு, துணி உறை போர்த்திய ஸ்டென்ட்டை உள்ளே அனுப்பி, பைக்கு நடுவில் குழாய் மாதிரி விரித்துவிடுகிறார்கள். வயசானவர்களுக்கு, இதயம் பலவீனமானவர்களுக்கு நல்ல வழி. ஆனால் முழங்கால் நாள் முழுக்க மடங்கி நிமிர்கிற இடம். அங்கே உலோக வலை முறிவதும், வளைவில் மடிந்து உறைவதும் நடக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை விடவே கூடாது. கிளை வழியாகப் பைக்குள் ரத்தம் கசிவது இதிலும் உண்டு. வீட்டில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர், குந்தி உட்கார்ந்து வலை பின்னுகிறவர், ஒற்றைக்காலை மடக்கிப் படகில் சாய்கிறவர் இதையெல்லாம் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேஜை நாற்காலியில் வாழ்கிறவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள்தான் அதிகம். குந்தி உட்கார்கிற காலுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஆபரேஷன் ஆனவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: பையைத் திறந்து தைத்தார்களா, அப்படியே விட்டார்களா, வைத்தது சொந்தச் சிரையா, செயற்கைக் குழாயா, ஸ்டென்ட்டா, மறு காலையும் வயிற்றையும் பார்த்தார்களா. இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டு எழுதி வாங்கலாம், கொடுப்பார்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் சென்னை ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையிலும் ரத்தக்குழாய் அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. மூட்டு வலி என்று போய் எலும்பு டாக்டர் வரிசையில் நிற்பதைவிட, அந்தத் துறையின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கினால் ஒரு நாள் மிச்சம். காகிதத்தை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பின்னால் வருகிற டாக்டர் அதில் எழுத இடம் வேண்டும். கூடவே போனில் ஒரு படம் எடுத்து மகளுக்கோ மகனுக்கோ அனுப்பிவையுங்கள். கடல்காற்றில் மஞ்சப்பைக் காகிதம் எத்தனை வருஷம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.